வாடகைக்கு விட்ட துக்கம்

பரங்கித்துறையில் கொத்தளத் தெரு என்று ஒரு தெரு இருந்தது. இப்போதும் இருக்கிறது, நாங்கள்தான் அதில் இல்லை. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும் அந்த நீளமான கிட்டங்கிகளை எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி மிளகு மூட்டை அடுக்குவதற்காகக் கட்டியதாம். கம்பெனி போன பிறகு வௌவால் அடைந்து கிடந்த அவற்றில் நாங்கள் குடியேறி, குறுக்குச் சுவர் எழுப்பி, அடுப்புப் போட்டு, பிள்ளை பெற்று, பிணம் எடுத்து, ஒழுகுகிற இடத்தில் எல்லாம் ஓடு மாற்றி, எப்போதோ இடிந்து விழுந்திருக்க வேண்டிய கட்டடத்தை விழாமல் பிடித்து வைத்திருந்தோம். அப்படிப் பிடித்து வைத்திருந்ததுதான் நாங்கள் செய்த தப்பு, விழ விட்டிருந்தால் ஒரு பயலும் எட்டிப் பார்த்திருக்க மாட்டான்.

ஒரு ஆவணி மாதம் சர்க்கார் ஆட்கள் வந்து பலகை நட்டார்கள். கிட்டங்கி மரபுச் சின்னம், அதன் சுண்ணாம்புச் சுவர் மரபுச் சின்னம், உத்தரத்துத் தேக்கு மரபுச் சின்னம், அந்த உத்தரத்தில் நாங்கள் தொட்டில் கட்டிய இரும்புக் கொக்கிகூட மரபுச் சின்னம். நாங்கள் மட்டும் ஆக்கிரமிப்பு. கோர்ட்டுக்குப் போனோம், கோர்ட்டு எங்களை ஆபீசுக்கு அனுப்பியது, ஆபீசு எங்களை கோர்ட்டுக்கு அனுப்பியது, நாங்கள் இரண்டுக்கும் நடுவில் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஒரு நாள் போலீசும் லாரிகளும் தெருவுக்கு வந்துவிட்டன. அடித்தார்கள். பெண்களைப் பெண் போலீஸ் வைத்தே முடியைப் பிடித்து இழுத்தார்கள், அதுதான் முறையாம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டுக்கு வீடு பூட்டுத் தொங்கியது. எல்லாரையும் சாமானோடு ஏற்றிக்கொண்டு போய், ஊருக்கு வெளியே வெகுதூரத்தில், நகராட்சிக் குப்பைமேட்டுக்குப் பின்னால், வற்றிப்போன குளத்துக்குள் கட்டியிருந்த மூன்று மாடிப் பெட்டிகளில் இறக்கினார்கள். புதுவாழ்வு நகர் என்று அதற்குப் பெயர். கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

முதல் நாள் காலையில் கண் விழித்தபோது எங்களில் யாருக்கும் எதுவும் வலிக்கவில்லை.

ஐஸ் பிளாண்டில் ஐஸ் பாறை உடைக்கிற மிக்கேலுக்கு வலது தோள்பட்டை வருஷக்கணக்காகப் பிடித்துக்கொண்டு கையைத் தலைக்குமேல் தூக்க முடியாமல் இருந்தது. அன்றைக்கு எழுந்ததும் சோம்பல் முறித்தவர் இரண்டு கையும் மேலே போனதைப் பார்த்துவிட்டு, அப்படியே கொஞ்ச நேரம் சிலுவையில் அறைந்த மாதிரி நின்றார். பக்கத்து வீட்டு பார்பரா, வேறொருத்தியோடு ஓடிப்போன புருஷனைத் தினமும் பல் விளக்கும்போதே திட்ட ஆரம்பிக்கிறவள், அன்றைக்குப் பல்லை மட்டும் விளக்கினாள். மிக்கேலின் மனைவி கித்தேரி நேராகப் போய் அடுப்பைப் பற்ற வைத்தாள். அதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். அவளுடைய மகள் ரோசிலி ஆறு வயதில் காய்ச்சலில் செத்துப்போன நாளிலிருந்து, மழையோ வெயிலோ, திருவிழாவோ, கித்தேரி காலையில் எழுந்ததும் கிட்டங்கிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுது தீர்த்துவிட்டுத்தான் அடுப்பைத் தொடுவாள். அந்தச் சத்தத்தில்தான் எங்கள் தெருவே விழிக்கும், அந்தச் சத்தத்தை வைத்துத்தான் பாதிப் பேர் கடலுக்குப் புறப்படுவார்கள். அன்று அவள் அழவில்லை. மகளின் முகம் மறக்கவில்லை, செத்த நாள் மறக்கவில்லை, பெட்டிக்குள் வைத்தபோது போட்டுவிட்ட பச்சைக் கவுனும் மறக்கவில்லை. எல்லாம் நினைவிருந்தது, யாரோ தூரத்து உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்தை நினைப்பதுபோல.

கொத்தளத் தெருவில் நாங்கள் பட்ட வலியெல்லாம் கொத்தளத் தெருவிலேயே தங்கிவிட்டது, அவ்வளவுதான். லாரியில் ஏற்ற மறந்துவிட்டோம்.

புதிதாகக் காலில் முள் குத்தினால் வலித்தது, அடுப்புச் சுட்டால் சுட்டது, பழையது ஒன்றுமில்லை. முதலில் எங்களுக்கு அது பிடித்துத்தான் இருந்தது, யாருக்குத்தான் பிடிக்காது? மருந்துக்கடைக்காரர் தைலப் பாட்டில்களைத் திருப்பி அனுப்பினார். செத்தவர்களுக்குப் பூசை வைக்க யாரும் வருவதில்லை என்று பங்குச் சாமியார் வீடு வீடாக வந்து கேட்டார், மறந்துட்டோம் சாமி என்று சிரித்துக்கொண்டே காப்பி கொடுத்தோம். வருஷக்கணக்காகப் பேசாத அண்ணன் தம்பிகள் எதற்குப் பேசாமல் இருந்தோம் என்று யோசித்துப் பார்த்து, அது பெரிதாகப் படாமல், சேர்ந்து சீட்டு விளையாடினார்கள்.

ஆனால் அடிபட்ட அன்றைய கோபமும் அங்கேயே கிடந்துவிட்டது என்பதை நாங்கள் கவனிக்கவில்லை. குழாயில் நாள் கணக்கில் தண்ணீர் வராதபோது குடத்தைத் தூக்கிக்கொண்டு சிரித்த முகத்தோடு குப்பைமேட்டைச் சுற்றி நடந்தோம். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, சரி. குப்பை எரிகிற புகையில் துணி கறுத்தது, சரி. கடல் வேலை போய் ஆண்கள் கட்டடத்துக்குச் சித்தாளாகப் போனார்கள், சரி சரி. கணக்கெடுக்க வந்த அதிகாரி ஏதாவது குறை இருக்கிறதா என்று வீட்டுக்கு வீடு கேட்டார், ஒன்றுமில்லை ஐயா என்றோம், அவர் நம்பாமல் மறுபடி கேட்டார், மறுபடியும் ஒன்றுமில்லை என்றோம். மாநிலத்திலேயே மகிழ்ச்சியான மறுகுடியமர்வு என்று எங்களைப் போட்டோ பிடித்துக் கேடயம் வாங்கினார்கள். அந்தப் போட்டோவில் நாங்கள் எல்லாரும் பல் தெரிய இளிக்கிறோம். அதை நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

விட்டு வந்தது எங்கே போனது என்பது பார்பரா சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் கிட்டங்கி ஓட்டல் ஆகியிருந்தது. எங்கள் ஒவ்வொரு வீடும் ஓர் அறை. எங்கள் அடுப்புக் கரியைக்கூடச் சுவரில் அப்படியே விட்டு, மேலே சின்ன விளக்குப் போட்டிருந்தார்கள். பார்பராவுக்கு அங்கே படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை கிடைத்தது, அவளுடைய சொந்த வீட்டிலேயே.

"மிக்கேல் அண்ணன் ரூம்ல நேத்து ஒரு வடக்கத்தி ஆளு" என்று ஒரு நாள் குழாயடியில் சொன்னாள், "காலைல எந்திச்சு கையத் தூக்க முடியாம அலறுதான். ஐஸ் வையி ஐஸ் வையின்னு தமிழ்ல கேக்கான். அவனுக்குத் தமிழே தெரியாது."

நாங்கள் சிரித்தோம்.

"என் வீட்ல புதுசா கல்யாணம் ஆன ஜோடி. அந்தப் புள்ள காலைல புருஷன் செவுட்டுல ஒண்ணு விட்டு, ஓடுகாலி நாயேன்னு கேட்டுச்சு பாரு, எனக்கு அப்பிடியே நான் பேசுத மாதிரியே இருந்துச்சு."

இன்னும் சிரித்தோம். காக்கி உடுப்புப் போட்ட வாட்ச்மேனைக் கண்டதும் விருந்தாளிகள் காலைச் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிகிறார்கள் என்றாள். அனுபவிக்கட்டும் என்றார் மிக்கேல், சீட்டைக் கலைத்துக்கொண்டே. ஓட்டல் மேனேஜர் முதலில் பயந்து மந்திரவாதியைக் கூப்பிட்டுப் பார்த்தானாம். பிறகு, அழுதுவிட்டுப் போனவர்கள் இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு திரும்பி வருவதைக் கண்டுகொண்டான். பல வருஷமாகக் கண்ணில் தண்ணீர் வராத பெரிய பெரிய ஆட்கள் எங்கள் அறைகளில் படுத்து அழுதுவிட்டு, மனசு லேசாகிவிட்டது என்று எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். அறையை விட்டுப் போனதும் அந்தத் துக்கம் அவர்களிடம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துவிடும், அறையில் குறையாது. மேனேஜர் வாடகையை ஏற்றினான். எல்லாவற்றிலும் உசத்தி கித்தேரியின் அறை. கண்ணீர் அறை என்று அதற்குப் பெயர் வைத்து, தொட்டில் கொக்கியில் கண்ணாடி விளக்குத் தொங்கவிட்டிருந்தான்.

அந்த அறையில் தங்கிய ஒரு சென்னைக்காரப் பெண் ஒரு நாள் மதியம் புதுவாழ்வு நகருக்கு வந்தாள். வைதேகி என்று பெயர். கார் குப்பைமேட்டோடு நின்றுவிட்டதால் நடந்து, விசாரித்து விசாரித்துக் கித்தேரியின் தகரக் கதவைத் தட்டினாள். கண்கள் வீங்கியிருந்தன.

"ரோசிலிங்கறது யாருங்க?" என்றாள், உட்காரக்கூட இல்லை.

"எம் மவ" என்றாள் கித்தேரி. "ஆறு வயசுல செத்துப் போனா. உள்ள வாங்க, வெயில்ல நிக்கியளே. தண்ணி குடிக்கியளா?"

வைதேகி உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். சொம்பை வாங்கினாள், குடிக்கவில்லை. "பச்சைக் கவுன்" என்றாள். "காய்ச்சல்ல உடம்பு அப்படிக் கொதிச்சுது. ஐஸ் குடும்மா ஐஸ் குடும்மான்னு கேட்டுக்கிட்டே இருந்தா. அப்பா ஐஸ் பிளாண்ட்லதானே இருக்காரு, ஒரு துண்டு வாங்கிக் குடும்மான்னு. காய்ச்சலுக்கு ஆகாதுன்னு நான் குடுக்கலையே. சாகப் போற பிள்ளை கேட்டுது, நான் குடுக்கலையே." மார்பில் கையை வைத்து அழுத்திக்கொண்டு அவள் முன்னும் பின்னும் ஆடி ஆடி அழுதாள்.

கித்தேரி பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஆட்டம் அவளுடையது. அந்த விக்கல் அவளுடையது. மூச்சு தீரும் இடத்தில் ஒரு கேவல் வருமே, அது அவளுடையது. அதைவிட, நான் குடுக்கலையே என்ற அந்த நான். அதை இன்னொருத்தி வாயில் கேட்டபோது கித்தேரிக்கு உள்ளே ஏதோ இடறியது.

"எனக்குக் குழந்தை கிடையாது" என்றாள் வைதேகி முகத்தைத் துடைத்துக்கொண்டு. "வேண்டாம்னு இருந்துட்டோம். அப்பா செத்தப்பகூட எனக்கு அழுகை வரல. இந்த மாதிரி ஒண்ணு எனக்குள்ள இருந்ததே இல்லை. நாலு தடவை வந்து அதே ரூம்ல தங்கிட்டேன். ஊருக்குப் போனதும் தேய்ஞ்சு போயிடுது, என்னால தாங்க முடியல." கித்தேரியின் கையைப் பிடித்தாள். "உங்களுக்குத்தான் இப்ப அது இல்லையே. நானே வச்சுக்கட்டுமா? நீங்க மனசாரக் குடுத்தா முழுசா என்கூட வந்துடும்னு தோணுது. நான் நல்லா பாத்துக்குவேன்."

கித்தேரி கையை உருவிக்கொண்டாள். பழைய கோபம் அவளிடம் ஒரு சொட்டு இல்லை. இது அந்த நிமிஷத்தில் புதிதாகப் பிறந்தது.

"எந்திரிட்டி" என்றாள்.

"இல்ல, நான் தப்பா..."

"எந்திரி மொதல்ல. எம் புள்ளைக்கு அழ நீ யாரு? நீ பெத்தியா? நீ சொமந்தியா? நீ குழியில மண்ணு போட்டியா? எந்திரிச்சுப் போ."

வைதேகி போய்விட்டாள். சொம்புத் தண்ணீர் அப்படியே இருந்தது. சாயங்காலம் மிக்கேல் வேலையிலிருந்து வந்ததும் கித்தேரி, நாளைக்குக் கிட்டங்கிக்குப் போகிறேன், என் அழுகையை எடுத்துக்கொண்டு வரப் போகிறேன் என்றாள். மிக்கேல் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்குட்டி? இப்பத்தான் ரெண்டு பேரும் நிம்மதியா ஒறங்குதோம். அத எடுத்துட்டு வந்து என்ன செய்யப் போற?"

"அழப் போறேன்."

"அழுதா வந்துருவாளா?"

"வர மாட்டா" என்றாள் கித்தேரி. "வீட்டக் குடுத்தாச்சு, தெருவக் குடுத்தாச்சு, கடலக் குடுத்தாச்சு. புள்ளைக்கு அழுத அழுகையயும் ஊரான் மவளுக்கு வாடகைக்கு விட்டுட்டு இங்க குப்பைக்கிப் பக்கத்துல சிரிச்சிக்கிட்டு இருக்கணுமோ? நீங்க ஒறங்குங்க. நான் போறேன்."

மறுநாள் காலை பார்பராவோடு பஸ் ஏறினாள். ஓட்டல் வாசலில் மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினான், அந்த மரியாதையைத்தான் எங்களால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

"அம்மா, நீங்க சாமானெல்லாம் எடுத்துட்டுத்தானே போனீங்க? விட்டுட்டுப் போனதெல்லாம் கட்டடத்தோட சேர்ந்தது. கட்டடம் மரபுச் சின்னம். அதுலேர்ந்து ஒரு செங்கல்லக்கூட யாரும் எடுத்துட்டுப் போக முடியாது, சட்டம் இருக்கு."

"நான் செங்கல்லு கேக்கல" என்றாள் கித்தேரி.

"புரியுதும்மா. வேணும்னா ஒரு நாள் ரூம் போட்டுத் தங்குங்க. உள்ளூர்க்காரங்களுக்குச் சலுகைகூட இருக்கு."

பார்பரா அவள் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்பக்கம் போய், அழுக்குத் துணி போகும் வழியாக உள்ளே விட்டாள். விருந்தாளிகள் எல்லாரும் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "மைனி, வெரசா" என்று கதவைத் திறந்து விட்டாள். கித்தேரி தன் வீட்டுக்குள் நுழைந்தாள். வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய கட்டில் சுவரை அடைத்துக்கொண்டு கிடந்தது. தோளைக் கொடுத்து அதை நகர்த்தினாள், சேலையை ஒதுக்கிக்கொண்டு, எப்போதும் உட்காரும் இடத்தில் உட்கார்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்தாள்.

வந்தது. ரோசிலி வந்தாள், கொதிக்கும் நெற்றி வந்தது, வெடித்த உதடு வந்தது, ஒரு துண்டும்மா என்ற குரல் வந்தது, கொடுக்காத கை வந்தது, பெட்டி மூடிய ஆணிச் சத்தம் வந்தது, அடுத்த நாள் கொடியில் காய்ந்துகொண்டிருந்த சின்னச் சட்டை வந்தது, பள்ளிக்கூட மணி அடிக்கும்போதெல்லாம் வாசலைப் பார்த்த வருஷங்கள் வந்தன. அவற்றின் பின்னாலேயே, கூப்பிடாமலே, லாரி வந்தது, முடியைப் பிடித்த கை வந்தது, கீழே தள்ளிவிட்டுச் சிரித்தவனின் முகம் வந்தது, பூட்டு வந்தது, பூட்டுக்கு முன்னால் புத்தகப்பையோடு நின்ற பிள்ளைகள் வந்தார்கள். கித்தேரி வாயைத் திறந்து அழுதாள். எங்கள் தெருவை எத்தனையோ வருஷம் எழுப்பிய அந்தச் சத்தத்தில் முற்றத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்கள்.

அழுது முடித்து முன்வாசல் வழியாகவே வெளியே வந்தாள். வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் ஓர் ஆட்டுரலில் தண்ணீர் ஊற்றி ரோசாப் பூ மிதக்க விட்டிருந்தார்கள். அது அவளுடைய ஆட்டுரல். ஒற்றைக் கையால் பூவையும் தண்ணீரையும் வாரி வாரி மேனேஜரின் சப்பாத்துக் காலின்மேல் இறைத்துவிட்டு, "இதுல மாவு ஆட்டணும்ல, மூதி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தவளைப் பார்த்துக் கண்டக்டர் கேட்டார்.

"என்னம்மா ஆச்சு?"

"எம் மவ செத்துப் போயிட்டா."

"ஐயையோ, எப்பம்மா?"

"பதினோரு வருசமாச்சு."

அவர் சிரிக்கவில்லை. ஜன்னலோரம் இருந்த ஒருவனை எழுப்பி இடம் கொடுத்தார்.

வீட்டில் கித்தேரி அழுவதை மிக்கேல் எதிரில் உட்கார்ந்து பார்த்தார். சொந்த மகள் சாவுக்கு வந்துவிட்டு ஒன்றும் தோன்றாமல் விசிறிக்கொண்டிருக்கும் வெளியூர்க்காரனைப்போல அவர் உட்கார்ந்திருந்தார். அவளைத் தொடலாம் என்று கையைத் தூக்கினார், அந்தக் கை வலிக்காமல் மேலே போனது. அதைப் பார்த்து அவருக்கே வெட்கமாகிவிட்டது.

விடிந்து முதல் பஸ்ஸில் மிக்கேல் போனார். அவர் போனதைப் பார்த்து அண்ணன் தம்பிகள் போனார்கள். பிறகு யாரும் யாரையும் கேட்கவில்லை. அழுக்குத் துணி போகும் வழியாக ஒருவர் பின் ஒருவராக நுழைந்து அவரவர் வீட்டில் அவரவர் இடத்தில் போய் உட்கார்ந்தோம். நிமிர்ந்து உள்ளே போனவர்கள் கூனிக்கொண்டு வெளியே வந்தார்கள், நொண்டிக்கொண்டு வந்தார்கள், ஏசிக்கொண்டு வந்தார்கள், சேர்ந்து சீட்டு விளையாடின அண்ணனும் தம்பியும் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். மிக்கேல் வலது தோளைச் சாய்த்துக்கொண்டு வந்து தெருவில் உட்கார்ந்து, "எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு ஐஸ் பாறையே கொண்டாந்திருப்பேனேட்டி" என்று அழுதார். அத்தனை வருஷமும் அதை அவர் கித்தேரியிடம் வாய்விட்டுச் சொன்னதில்லை. போலீஸ் வருவதற்குள் கிட்டங்கியில் எடுக்க ஒன்றும் மிச்சமில்லை.

பார்பராவின் வேலை போயிற்று. அதன் பிறகு விருந்தாளிகள் எங்கள் அறைகளில் நன்றாகத் தூங்கி எழுந்து, ஏமாற்றிவிட்டதாகப் புகார் எழுதினார்கள். வைதேகி இன்னொரு தடவை வந்து தங்கி, விடிய விடியக் காத்திருந்து, ஒன்றும் வராமல் போனாளாம். அவள் மேல் எங்களில் சிலருக்கு இரக்கம் உண்டு, கித்தேரிக்குக் கிடையாது. நாங்கள் தண்ணீர் கேட்டு வெறுங்குடங்களோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தோம். சமாதானம் பேச வந்த அதிகாரி, இவ்வளவு நல்ல ஜனங்கள் இப்படி ஆகிவிட்டார்களே என்று எங்கள் முன்னாலேயே தலையில் அடித்துக்கொண்டார். குழாயில் தண்ணீர் வந்தது.

பங்குனியில், கொத்தளத் தெருவுக்கு அடுத்த வலைக்காரத் தெருவையும் அழகுபடுத்தப் போகிறார்கள், கடல் பார்க்கும் நடைபாதை வரப் போகிறது, புல்டோசர் கிளம்பிவிட்டது என்று ஒரு காலையில் சேதி வந்தது. கிடைத்த பஸ்ஸில், மீன் வண்டியில், சைக்கிளில் போனோம். அங்கே ஜனங்கள் சத்தமில்லாமல் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கட்டிய மாதிரியே சேலையில் பாத்திரத்தைப் போட்டு நாலு முனையையும் சேர்த்து முடிந்துகொண்டிருந்தார்கள். புல்டோசர் தெருமுனையில் உறுமிக்கொண்டு நின்றது.

கித்தேரி முதல் வீட்டு வாசலுக்குப் போனாள். அங்கே நின்ற பெண்ணின் கையிலிருந்த மூட்டையை வாங்கி, தரையில் வைத்து, முடிச்சை அவிழ்த்தாள். பானையை எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தாள். சட்டியை எடுத்து வைத்தாள். அகப்பையை, சுளகை, மாதா படத்தை ஒவ்வொன்றாக அதனதன் இடம் கேட்டு வைத்தாள். பிறகு நாங்களும் வீட்டுக்கு ஒருவராக நுழைந்து மூட்டைகளை அவிழ்த்தோம். தெரு முழுக்கப் பாத்திரம் வைக்கிற சத்தம்.

அதிகாரி ஓடிவந்தார். "உங்களுக்குத்தான் வீடு குடுத்தாச்சேம்மா! உங்களுக்கு இங்க என்ன வேலை?"

கித்தேரி அவரைத் தாண்டி நடந்தாள். உள்ளே போய் அந்தப் பெண்ணிடம் தீப்பெட்டி கேட்டு வாங்கி, அடுப்பைப் பற்ற வைத்து, உலை ஏற்றினாள். கையில் ஒட்டிய கரியைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, தெரு நடுவில் நின்று, புல்டோசரைப் பார்த்துச் சொன்னாள்.

"இப்ப வாலே."

அன்றைக்கு அது வரவில்லை.